சைலன்சர்: கடையில் வாங்குவதா, வீட்டில் செய்வதா? வரி நீங்கிய அமெரிக்காவில் எழும் கேள்வி

நம் ஊரில் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தி, வெடிச் சத்தத்தைக் குறைக்கும் கருவி அது. அதைக் கடையில் வாங்குவதா, வீட்டிலேயே செய்துகொள்வதா என்ற பேச்சு அங்கே துப்பாக்கி வைத்திருப்போரிடையே இப்போது சூடு பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு வரி.

1934இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தைக் கொண்டு வந்தது. குண்டர் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கியோடு தெருவில் திரிந்த காலம் அது. இயந்திரத் துப்பாக்கியுடன் சைலன்சரும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. ஒன்றைச் செய்தாலும் 200 டாலர் வரி, கைமாற்றினாலும் 200 டாலர் வரி. இன்றைய மதிப்பில் அது 4,000 டாலருக்கும் மேல். சாதாரணத் தொழிலாளி நெருங்கவே முடியாதபடி வைத்த விலை அது. ஆனால் தொகையை யாரும் உயர்த்தவில்லை. பணவீக்கம் தின்று தின்று, 200 டாலர் என்பது பிற்காலத்தில் பெரிய தடையாக இல்லாமல் போனது. 2021ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்ட சைலன்சர்கள் 2.5 மில்லியனைத் தாண்டிவிட்டன.

2025 ஜூலை 4ஆம் தேதி அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம், சைலன்சருக்கான அந்த 200 டாலரைப் பூஜ்யமாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. பதிவு செய்யும் விதியையும் சேர்த்து நீக்கவே ஆதரவாளர்கள் முயன்றார்கள். வரவு செலவுக்குத் தொடர்பில்லாததை இத்தகைய சட்டத்தில் நுழைக்க முடியாது என்று செனட் சபையின் விதிமுறை அதிகாரி தடுத்துவிட்டார். ஆகவே வரி போனது, பதிவு நின்றது.

இனி அசல் கேள்விக்கு வருவோம். கடையில் வாங்குபவர் உரிமம் பெற்ற வணிகரிடம் போக வேண்டும். கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. ஏடிஎஃப் எனப்படும் கூட்டரசுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் தந்த பிறகுதான் பொருள் கைக்கு வரும். விலை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். வீட்டில் செய்ய விரும்புபவருக்கும் அதே கைரேகை, அதே சோதனை. ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கவே கூடாது. செய்து முடித்த பொருளில் பெயரும் தொடர் எண்ணும் பொறிக்க வேண்டும். ஒப்புதலின்றிச் செய்தால் பத்தாண்டு வரை சிறை.

வீட்டில் செய்வது மலிவு, கைத்திறனுக்கு வேலை என்பார்கள் ஒரு சாரார். இந்தக் கணக்கில் விட்டுப்போவது பல. நல்ல நிறுவனம் பல ஆயிரம் முறை சுட்டுச் சோதித்து, பழுதுக்குப் பொறுப்பும் ஏற்கிறது. உள்ளே ஒரு மயிரிழை கோணினாலும் தோட்டா கருவியிலேயே மோதும். சுடுபவர் முகத்துக்கு அருகில் நடக்கும் விபத்து அது. பழுதானால் புதிய பாகம் போட்டுக்கொள்ளலாம் என்றும் நினைக்க முடியாது. உதிரிப் பாகத்தையே சட்டம் சைலன்சராகக் கருதுகிறது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. துப்பாக்கி துடைக்கும் சாதனம், வாகன எரிபொருள் வடிகட்டி என்ற பெயர்களில் சைலன்சர் பாகங்கள் இணையத்தில் விற்கப்பட்டன. சீனாவிலிருந்து வந்தவையும் அவற்றில் உண்டு. முறைப்படி ஒப்புதல் கேட்டு விண்ணப்பித்தவர்களில் பலரை 2022இல் ஏடிஎஃப் நிராகரித்தது. நீங்கள் வாங்கிய தொகுப்பே ஏற்கெனவே சைலன்சர்தான் என்பது அதன் வாதம். சட்டப்படி நடக்க நினைத்தவரே குற்றவாளிக் கூண்டின் அருகில் நிற்க நேர்ந்தது. மலிவு விலைப் பொட்டலம் கடைசியில் வழக்கறிஞர் கட்டணத்தில் முடிந்த கதை இது.

சைலன்சர் போட்டால் சத்தமே வராது என்பது சினிமா. துப்பாக்கி வெடிச் சத்தம் 140 முதல் 170 டெசிபல் வரை போகும். கருவி அதில் சுமார் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மிஞ்சுவதும் பலத்த சத்தம்தான். ஆனால் செவியைக் காக்க அந்தக் குறைப்பு உதவும் என்பது உண்மை. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் அதைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே துப்பாக்கிக்கே கடுமையான உரிமம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்த் தரப்பின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. 2019 மே 31இல் வெர்ஜீனியா பீச் நகரில் 12 பேரைக் கொன்றவன் சைலன்சர் பொருத்திய துப்பாக்கியைப் பயன்படுத்தினான். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் காப்புறுதி நிறுவனத் தலைமை நிர்வாகி பிரையன் தாம்சன் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், முப்பரிமாண அச்சில் செய்த பாகங்கள் கொண்ட துப்பாக்கியும் சைலன்சரும் கைப்பற்றப்பட்டதாகக் காவல்துறை கூறியது. கடையில் விற்ற பொருளுக்குத் தொடர் எண்ணும், வாங்கியவர் பெயரும் இருக்கும். பதிவில்லாமல் வீட்டில் செய்ததற்கு எந்தத் தடமும் இல்லை. வாங்குவதா செய்வதா என்ற கேள்வியில் பொதுமக்களைத் தொடும் இடம் இதுதான்.

இப்போது சண்டை நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. 1937இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்றபோது, இது வரி விதிக்கும் அதிகாரத்தில் அடங்கும் என்றது. வரியே இல்லாதபோது பதிவு மட்டும் எந்த அதிகாரத்தில் நிற்கும் என்று துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் வழக்குத் தொடுத்துள்ளன. அவை வென்றால், வீட்டுக் கொட்டகையில் செய்ததற்கும் கடையில் வாங்கியதற்கும் இந்தச் சட்டப்படியான பதிவு இருக்காது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் 42 மாநிலங்களில் சட்டப்படி கிடைக்கும் பொருளின் காணொளிகள் நம் பிள்ளைகளின் கைப்பேசியிலும் ஓடுகின்றன. அங்கே விளம்பரத்தில் வருவது இங்கே சிறைக்கு அனுப்பும். மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. சிங்கப்பூரில் 2021இல் நிறைவேறிய சட்டம், அனுமதியின்றித் துப்பாக்கி செய்யும் மின்னியல் வரைபடத்தை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பதிவிறக்கம் செய்ததுதானே என்று அங்கே தப்பிக்க முடியாது.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நண்பனுடையது என்று கையில் வாங்கினாலும் படிப்பும் விசாவும் போகும்.

இணையத்தில் வடிகட்டி என்றும் துடைக்கும் கருவி என்றும் மலிவாக வரும் எதையும் வாங்குமுன், அது உண்மையில் என்ன என்று கேளுங்கள். வீட்டில் இளைஞர் யாராவது வேடிக்கைக்கு ஆர்டர் செய்திருந்தால் இன்றே பேசிவிடுங்கள். பொட்டலத்தின் மேல் எழுதிய பெயர் என்னவாக இருந்தாலும், அதிகாரிகள் பார்ப்பது உள்ளே இருக்கும் பொருளைத்தான்.