கேட்பது பெற்றோரின் உரிமை

"இது சிறுபான்மைப் பள்ளி, எங்களைக் கேள்வி கேட்க எவருக்கும் அதிகாரமில்லை." நம் பள்ளி அலுவலகங்கள் சிலவற்றில், குறை சொல்ல வரும் பெற்றோருக்குக் கிடைக்கும் விடை இது. இவ்விடை எவ்வளவு செல்லும் என்பதை நாட்டின் சட்டத்தோடும் திருச்சபையின் படிப்பினையோடும் உரசிப் பார்ப்போம்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை என்று அதன் 24ஆம் பிரிவு கூறுகிறது. எழுத்து வடிவில் வரும் முறையீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்திற்குள் முடிவு காண வேண்டும் என்பது 32ஆம் பிரிவு.

சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. அத்தீர்ப்பை ஐயுற்ற இரு நீதிபதிகள், 2025 செப்டம்பரில் அதைப் பெரிய அமர்வின் ஆய்வுக்குப் பரிந்துரைத்ததும் உண்மையே. ஆனால் சட்டம் வற்புறுத்தாத கடமை கடமையே அல்ல என்றாகிவிடுமா? நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அன்று என 1958இலேயே கேரளக் கல்வி மசோதா வழக்கில் நீதிமன்றம் உரைத்துவிட்டது.

நீதிமன்றத்தை விடுவோம், நம் திருச்சபை என்ன சொல்கிறது? பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தின் 796ஆம் எண், ஆசிரியர்கள் பெற்றோருடன் நெருங்கி ஒத்துழைத்து அவர்களுக்கு மனமுவந்து செவிசாய்க்க வேண்டும் என்றும், பெற்றோர் சங்கங்களை நிறுவி அவற்றைப் பெரிதும் மதிக்க வேண்டும் என்றும் பணிக்கிறது. இச்சட்டத்திலிருந்து நமக்கு விலக்களித்த நீதிமன்றம் ஏதுமில்லை.

"படிப்பறிவில்லாத பெற்றோர் ஆசிரியரை எங்ஙனம் மதிப்பிடுவர்?" என்பாருண்டு. கற்பிக்கும் முறையை அவர்கள் அளக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று மாதமாகக் கணக்கு ஏடு வெறுமையாய்க் கிடப்பது பீடி சுற்றும் தாய்க்கும் தெரியும். பிள்ளை பள்ளிக்கு அஞ்சி அழுவதும் அவளுக்கே முதலில் தெரியும். நாமோ தேர்ச்சி விழுக்காட்டை மட்டுமே அளவுகோலாகக் கொள்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலேயே நலிந்த மாணவனின் கையில் மாற்றுச் சான்றிதழைத் திணித்துவிட்டு நூறு விழுக்காடு என்று பதாகை கட்டுவது எந்த மதிப்பீடு? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயரின் பெயரால் நடக்கும் பள்ளியில், அந்த ஒன்றை நாமே வெளியேற்றுவது முறைதானா? காரணம் கேட்கும் தந்தைக்கு எழுத்தில் விடை தருவது நீதியின் மிகக் குறைந்த அளவு.

ஆசிரியரின் மாண்பும் காக்கப்பட வேண்டும். ஊழியர் ஒருவரின் பணி மதிப்பீட்டுக் குறிப்புகள் தனிப்பட்ட தகவல் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கருதியது நியாயமே. அவற்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு நாம் கேட்கவில்லை. முறையீடு என்ன ஆயிற்று, என்ன திருத்தம் செய்யப்பட்டது என்பதையே பெற்றோருக்குச் சொல்லக் கேட்கிறோம். முறையான வழி அடைபட்டால், குறை தேநீர்க் கடையில் வதந்தியாகிறது; அப்போது குற்றமற்ற ஆசிரியரின் பெயரும் கெடுகிறது.

வழியைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் காட்டிய படிகளே போதும்: முதலில் தனித்துப் பேசுதல், பின் இரண்டொருவர் முன்னிலையில், அதன்பின் சபையிடம். ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் அமர்ந்த குழு என இதை நம் பள்ளிகளில் அமைக்கலாம். முறையீட்டுப் பதிவேடு ஒன்று, விடையளிக்க ஒரு கெடு, இருதரப்பையும் கேட்கும் பொறுமை: இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை.

மாதா, பிதாவுக்குப் பின்னரே குருவை வைத்தனர் நம் முன்னோர். தாளாளரின் நாற்காலி அவர்கள் அனைவருக்கும் முன்னே போடப்பட்டதன்று.