சுவரில் நம்பர் போட்டாச்சு, அப்புறம்?

தாராவி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? மனசாட்சியோடு சொல்லுங்கள். 1987-ல் வந்த ‘நாயகன்’, 2018-ல் வந்த ‘காலா’. அவ்வளவுதானே? திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறிப் போய், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிற நம் ஜனங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது இரண்டு சினிமா. உங்களுக்கு வெட்கமாக இல்லை? எனக்கு இருக்கிறது.

அந்தத் தாராவியைத்தான் இப்போது இடித்துக் கட்டப்போகிறார்கள். 2022-ல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு டெண்டரை எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. சுவரில் நம்பர் போட்டார்கள். பேப்பர் எங்கே என்று கேட்டார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னால் தரைத்தளத்தில் குடியிருந்ததாக அத்தாட்சி காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின்னால் வந்தவர்கள், ஏணி வைத்து ஏறும் மாடியில் இருப்பவர்கள் எல்லாம் தாராவிக்கு வெளியே.

வீடு வேண்டாமா என்பீர்கள். வேணும் சாமி! விடியக்காலையில் பொதுக் கக்கூஸ் வாசலில் டப்பாவோடு வரிசையில் நின்றவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து ‘குடிசையின் அழகில்’ உருகுகிற ஆசாமிகளோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். என் சண்டை வேறு. டேப் பிடித்துச் சுவரை அளக்கிறவரோடு, அந்த வீட்டுக்காரர் சொல்வதை எழுதிக்கொள்ள இன்னொருவரையும் அனுப்பினால் என்ன குறைந்துபோகும்?

இது வேலையில்லாதவன் ஆசை இல்லை. 1992-93 கலவரத்தில் வீட்டோடு பேப்பரையும் பறிகொடுத்தவர்கள் உண்டு. 2005 ஜூலை 26-ம் தேதி கொட்டிய மழையில் ரேஷன் கார்டு கூழாய்ப் போனவர்கள் உண்டு. ‘‘இவ மூத்த பையன் பொறந்தப்ப நான்தானே கூட இருந்தேன், இதே சந்துலதான்’’ என்று எதிர்வீட்டுப் பாட்டி சொல்வதுதான் அவர்களிடம் மிச்சமிருக்கும் பட்டா. ஆளுக்கொரு திசையில் குடிபோன பிறகு அந்தப் பாட்டியை எங்கே போய்த் தேடுவது?

வாய் வார்த்தை செல்லாது என்பார்கள். ஒரே சந்தைச் சேர்ந்த இருபது பேர் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனால், அது ஏன் செல்லாது?

கேட்க எவ்வளவோ இருக்கிறது. தோல் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த அப்பாவின் சட்டை என்ன வாடை அடித்தது? சதுப்பு நிலத்தைக் குப்பையும் மண்ணும் போட்டு மேடாக்கியது யார், எத்தனை மழைக்காலம் பிடித்தது? சிவசேனா ‘மதராஸி வெளியேறு’ என்று கிளம்பிய காலத்தில் ராத்திரி யார் காவல் இருந்தார்கள்? மும்பை முழுக்கக் காலை நேரத்தில் விற்கிற இட்லிக்கு எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைத்தார்கள்? ஆங்கிலத்தில் கல்பனா சர்மா 2000-லேயே தாராவியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் ஊர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள், வரலாற்றுத் துறைகள் நாலு பிள்ளைகளை ரெக்கார்டரோடு தாதர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடக் கூடாதா? டிக்கெட் காசு கருத்தரங்கில் போர்த்துகிற பொன்னாடைச் செலவுக்குள் அடங்கிவிடும்.

அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். உங்களுக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். அடுத்த தடவை போன் பண்ணும்போது, ‘சௌக்கியமா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். ‘‘நீங்க போன புதுசுல அந்த இடம் எப்படி இருந்துச்சு?’’ என்று கேளுங்கள். அவர்கள் அனுமதியோடு ரெக்கார்ட் பட்டனை அமுக்குங்கள். பெயர், வருஷம், சந்து, பக்கத்து வீட்டுக்காரர் பெயர்... நாலையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே.