டிவி பெட்டிக்கு எதற்கு திண்டுக்கல் பூட்டு?

லினக்ஸ் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்துவிட்டால் போதும், அந்த வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி வந்து உட்கார்ந்துவிடும். ஸ்ரீரங்கத்து உத்திர வீதியானாலும் சரி, தில்லைநகர் அடுக்குமாடியானாலும் சரி, கதை ஒன்றுதான். உபுண்டுவைப் போட்டு, அதன்மேல் கோடி மென்பொருளைப் போட்டு, ஹெச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகி, ரிமோட்டையும் வேலை செய்ய வைத்துவிட்டு, பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டி ஏறிவிடுவான். போகும் முன் மறக்காமல் ஒரு காரியம் செய்வான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஓர் எண், கடைசியில் ஒரு டாலர் குறி என்று 12 எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு!

மாட்டிக்கொள்வது வீட்டிலிருக்கும் பெரியவர்கள். கரண்ட் போய் வரும். பெட்டி மறுபடியும் கிளம்பி, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். "டேய் கண்ணா, அந்த டாலர் எங்கேடா இருக்கு?" என்று பாட்டி போன் போடும்போது பேரன் மீட்டிங்கில் இருப்பான். இரண்டே நாளில் பாஸ்வேர்டு காலண்டர் அட்டையின் பின்னால் எழுதப்பட்டு டிவிக்கு மேலேயே தொங்கும். மூன்றாம் மாதம் அந்தப் பெட்டியை யாரும் தொடமாட்டார்கள். கேட்டால் "செக்யூரிட்டி முக்கியம் பாட்டி" என்று பதில் வரும்.

யாரிடமிருந்து செக்யூரிட்டி? இந்தக் கேள்வியைக் கேட்காமலே பூட்டு மாட்டுவதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

கணினிக்குப் பாஸ்வேர்டு வந்த கதையைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் புரியும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி-யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பலரும் பங்குபோட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. ஒருவர் கோப்பை இன்னொருவர் நோண்டக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அதாவது ஒருவரையொருவர் அறியாதவர்களும் புழங்கும் இடத்துக்கான ஏற்பாடு அது. ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்கும் குடும்பத்துக்கு அதை அப்படியே இறக்குமதி செய்வானேன்?

"திருடன் வந்தால்?" என்பார்கள். திருடன் ஹாலில் உட்கார்ந்து பாஸ்வேர்டு அடித்துப் பார்க்கமாட்டான், பெட்டியையே தூக்கிக்கொண்டு போவான். வட்டை என்க்ரிப்ட் செய்யாத கணினியில் ஒரு பென் டிரைவ் லினக்ஸைச் செருகிக் கிளப்பினால் உள்ளே இருப்பது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். உபுண்டுவின் ரெக்கவரி மோடில் போனால் பெரும்பாலும் பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் அதிகாரம் கிடைத்துவிடும். உள்நுழையும் திரை அந்தத் திருடனை ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்க வைக்காது. அவனுக்கு மருந்து என்க்ரிப்ஷன்தான். ஆனால் அதற்கு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஒரு ரகசியச் சொல்லை அடித்தாக வேண்டும். பழைய சினிமாவையும் எம்.எஸ். சுப்ரபாதத்தையும் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்து என்ன ஆகப்போகிறது?

இதே பிள்ளைகள் இன்னொரு பக்கம் செய்யும் கூத்தையும் பார்க்க வேண்டும். டிவி திரையில் 12 எழுத்துப் பூட்டு. ரவுட்டரிலோ கம்பெனிக்காரன் கொடுத்த 'அட்மின், அட்மின்' அப்படியே இருக்கும். தூரத்திலிருந்து பெட்டியைப் பராமரிக்க வேண்டுமென்று எஸ்எஸ்ஹெச் வழியை இணையத்துக்கே திறந்து வைத்திருப்பார்கள். திருச்சிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மெயின் கார்டு கேட் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் கோட்டைச் சுவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது, அகழியும் தூர்ந்து புலிவார்டு ரோடுகளாகிவிட்டது. சுவரில்லாத ஊரில் வாசலுக்கு மட்டும் காவல் போட்டு யாரைத் தடுக்க?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2016-ல் மிராய் என்ற நச்சுநிரல் இணையத்தைக் கலக்கியது. அது ஒன்றும் பிரமாதமான சூத்திரம் கண்டுபிடிக்கவில்லை. கேமரா, ரவுட்டர், வீடியோ ரெக்கார்டர் போன்ற லினக்ஸ் கருவிகளைத் தேடிப்போய், தயாரிப்பாளர் வைத்த 60-க்கும் மேற்பட்ட பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாக அடித்துப் பார்த்தது. அவ்வளவுதான்! அப்படிப் பிடித்த கருவிகளின் பட்டாளம்தான் அந்த அக்டோபரில் டின் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உட்படப் பல தளங்களைச் சில மணி நேரம் எட்டாமல் செய்தது. ராஸ்பெர்ரி பையில் பல வருடம் 'பை' என்ற பெயருக்கு 'ராஸ்பெர்ரி'தான் பாஸ்வேர்டு. 2022-ல்தான் அந்தப் பெயரையே தூக்கினார்கள். மீடியா பெட்டிக்கென்றே இருக்கும் லிப்ரெஎலெக்கிலும் ரூட்டுக்கு ஊரறிந்த பாஸ்வேர்டு உண்டு. மாற்றிக்கொள்வது போடுகிறவன் பொறுப்பு.

2018-ல் இன்னொன்று நடந்தது. கோடிக்கான சில வெளியார் ஆட்-ஆன் கிடங்குகள் வழியாக, லினக்ஸிலும் விண்டோஸிலும் மொனேரோ நாணயம் தோண்டும் நிரல் பரவியதை ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. இலவசமாகப் புதுப்படம் கிடைக்கிறதே என்று கண்ட கிடங்கையும் சேர்ப்பவன் டிவி திரையில் எத்தனை எழுத்துப் பூட்டு போட்டிருந்தால் என்ன? திருடனை அவனே தாம்பூலம் வைத்து அழைத்தாயிற்று.

எதிர்க் கட்சியும் உண்டு. "வீட்டுக் கணினிதானே, பாஸ்வேர்டே வேண்டாம்" என்று ரூட்டாகவே நுழைந்து கோடியை ஓட்டுகிற கட்சி. சூடோவுக்கும் பாஸ்வேர்டு கேட்கக்கூடாது என்று எழுதி வைக்கிற கட்சி. இது முந்தையதைவிட மோசம். மேலே சொன்ன ஆட்-ஆன் மாதிரி ஒன்று நுழைந்தால் முழுப் பெட்டியும் அதன் கையில்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரம். வெளிப் பிராகாரங்களில் வீடு, கடை, சைக்கிள், காய்கறி வண்டி எல்லாம் உண்டு. அங்கே யாரும் யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. உள்ளே போகப் போகக் கட்டுப்பாடு கூடும். கர்ப்பகிருகத்துக்குள் அர்ச்சகர் மட்டும்தான். வெளி வீதியிலேயே எல்லோரையும் நிறுத்தினால் ஊரில் யாரும் குடியிருக்க முடியாது. கர்ப்பகிருகத்தைத் திறந்து போட்டால் கோயில் இருக்காது.

பெட்டிக்கும் அதேதான். படம் பார்க்க ஒரு தனிக் கணக்கு. கணினி கிளம்பியதும் தானாக உள்ளே போய்க் கோடி திறந்துவிடட்டும். அந்தக் கணக்குக்குச் சூடோ அதிகாரம் கூடாது. பராமரிப்புக்கு வேறொரு கணக்கு, அதற்கு நல்ல பாஸ்வேர்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும்படி வைத்துவிட்டால் அதற்காகப் பாட்டியை யாரும் எழுப்ப வேண்டாம். எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டை மூடிவிட்டுச் சாவிக்கோப்பை மட்டும் அனுமதிக்க வேண்டும். வெளியூரிலிருந்து எட்ட வேண்டுமானால் வயர்கார்டு இருக்கிறது, 2020 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே அது உண்டு. ரவுட்டர் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்ற வேண்டும். பேத்தி எதையாவது அழித்துவிடுவாள் என்ற பயமிருந்தால் படக் கோப்புகளைப் படிக்க மட்டும் என்று வைத்து, இன்னொரு வட்டில் ஒரு நகல் எடுத்தால் முடிந்தது.

ஒரே ஒரு நிபந்தனை. அந்தத் திறந்த கணக்கில் வங்கி வேலை கிடையாது, மெயில் கிடையாது. தானாக உள்நுழையும்போது சாவிக்கொத்து திறக்காது. அது அடிக்கடி கேட்டுத் தொல்லை செய்கிறதே என்று அதன் பாஸ்வேர்டை வெறுமையாக்கினால், அதில் சேமித்தது எல்லாம் மறைப்பின்றிக் கிடக்கும். ரகசியமே இல்லாத கணக்கைத் திறந்து வைப்பதில் நஷ்டமில்லை.

அந்த டாலர் குறி விஷயத்துக்கும் ஒரு முடிவு உண்டு. எண், குறி கலந்து வை, அடிக்கடி மாற்று என்ற விதிகளை 2003-ல் எழுதியவர் அமெரிக்காவின் பில் பர். அவரே 2017-ல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். அதே வருடம் அமெரிக்கத் தர நிறுவனம் அந்த விதிகளைக் கைவிட்டு, நீளமே பலம் என்றது. தொடர்பில்லாத நாலு தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் கோர்த்தால் பராமரிப்புக் கணக்குக்குத் தாராளம்.

ஆகவே லினக்ஸ் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது காலண்டர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரவுட்டருக்குப் போய் உட்காருங்கள். பூட்ட வேண்டிய கதவு அங்கேதான் இருக்கிறது. டிவி பாட்டியுடையது :)