மட்டியும் மடையனும் கற்பிக்கும் கணிப்பொறி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

பள்ளியில் கணிப்பொறி பற்றிய வினாவுக்கு முழு மதிப்பெண் பெற்றவன் நான். உள்ளீடு, மையச் செயலகம், நினைவகம், வெளியீடு என்று கட்டம் போட்டு அம்புக்குறியும் இட்டேன். சென்ற விடுமுறையில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி, "அண்ணா, கணிப்பொறிக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரிகிறது?" என்று கேட்டான். விடை சொல்ல இயலவில்லை. நான் படித்தது கட்டத்தை, கருத்தையன்று!

அன்றிரவு, வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதையைப் படமாக வரைந்து காட்டினேன். குருவின் தலைப்பாகை விழுந்தது. அவர் சொல்லவில்லையே என்று சீடர்கள் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுக்கச் சொன்னார். குதிரைச் சாணத்தையும் எடுத்தார்கள். எடுக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக் கொடுத்தார். பிறகு குருவே குழியில் விழுந்தார். பட்டியலில் குரு இல்லை!

"கணிப்பொறியும் இந்தச் சீடர்களைப் போலத்தான். கொடுத்த பட்டியலை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும். அந்தப் பட்டியலுக்குப் பெயர்தான் நிரல்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தவன், "அப்படியானால் தப்பு மட்டியுடையதில்லை, பட்டியல் எழுதியவருடையது" என்றான். என் ஐந்து மதிப்பெண் விடையில் இல்லாத உண்மை அது.

சிரிப்பு படிப்பைக் கெடுக்கும் என்பார் உளர். அமெரிக்காவில் லாரி கோனிக் என்பவர் 1983லேயே கணிப்பொறி அறிவியலை முழுக்க முழுக்கக் கேலிச்சித்திரங்களால் விளக்கி நூல் வெளியிட்டார். அவர் ஹார்வர்டில் கணிதம் பயின்றவர். விளையாட்டுக்கு எழுதியவர் அல்லர்.

ஆனால் ஒன்று. கணிப்பொறிக்குக் கண்ணும் மூக்கும் வைத்து, மேதையாக வரைந்துவிட்டால் அது விளக்கமாகாது; மயக்கமே ஆகும். எல்லாம் அறிந்த பொறி என்று நம்பும் குழந்தை நாளை அதற்குப் பணியும். பட்டியல் எழுதிய மனிதர் ஒருவர் உண்டென்று அறிந்த குழந்தையோ கேள்வி கேட்கும்.

படித்த பெற்றோர் உள்ள வீட்டில் புத்தகம் புரியாவிட்டால் கேட்க ஆளுண்டு. எங்களைப் போன்ற வீடுகளில் புத்தகமேதான் பேச வேண்டும். படக்கதை பேசும்.

எனவே, நண்பர்களே! அறிவியல் மாணவர் கருத்துத் தரட்டும். ஓவியம் அறிந்தவர் வரையட்டும். தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்கள் நடையைத் திருத்தட்டும். மாதம் ஒரு தாள், அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்குச் செல்லட்டும். முதல் தாளுக்கு என் தம்பியின் படங்கள் ஆயத்தமாக உள்ளன. அவற்றில் குரு இன்னும் குழியில்தான் கிடக்கிறார், தூக்கிவிட வாரீர்!