பிழைத்து வந்த பிள்ளைக்கு நேரம் வேண்டும்

மருத்துவமனையிலிருந்து மீண்டு வந்த பிள்ளையைக் கண்டதும், "கண்டம் தப்பியது, இனிக் கவலையில்லை" என்கிறோம். மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் விஷயத்தில் இது பாதி உண்மைதான்.

சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டியை எடுத்துக்கொள்வோம். 1925-இல் பெய்லி, குஷிங் என்ற அமெரிக்க மருத்துவர்கள் இதை விவரித்தபோது பிழைத்தவர் மிகச் சிலர். இன்று, நோய் பரவுமுன் கண்டறிந்து முழுச் சிகிச்சை அளித்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அறுவைக்குப்பின் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் கதிர்வீச்சு, மருந்துகள். உயிர் காக்கும் அந்தக் கதிரே, வளரும் மூளையில் நரம்பிழைகள் நிறைந்த வெண்பகுதியைக் கெடுத்தும் விடுகிறது. வயது குறையக் குறையச் சேதம் அதிகம். ஆதலால் மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் கதிர்வீச்சைத் தள்ளிப்போடவே மருத்துவர் முயல்கின்றனர். அபாயம் குறைந்த மற்றப் பிள்ளைகளுக்கு, முன்பு 36 கிரே என்றிருந்த அளவு 23.4 ஆகக் குறைக்கப்பட்டது. தீங்கும் குறைந்தது, நீங்கவில்லை.

கொடுமை என்னவென்றால், அது உடனே தெரிவதில்லை. முடி வளர்ந்து, சில ஆண்டுகள் சென்று, வகுப்பே நோயை மறந்த பிறகுதான் தலைகாட்டுகிறது. படித்தது அழிந்துபோவதில்லை, புதியதைக் கற்கும் வேகம் குறைகிறது. ஆகவே தோழியருக்கும் அவளுக்கும் இடையே தூரம் ஆண்டுதோறும் கூடுகிறது. கரும்பலகையில் இருப்பதைப் பாதி எழுதுவதற்குள் ஆசிரியை அழித்துவிடுகிறார். மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றுதான் மனத்தில் நிற்கிறது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்தால் காதும் சற்று மந்தமாகியிருக்கலாம். நாமோ முன்னேற்ற அறிக்கையில் "கவனம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். வீட்டில் "சோம்பேறி" என்ற பட்டம்.

இரக்கப்பட்டுக் கணக்குப் பாடத்திலிருந்து விலக்கி, மூலையில் உட்கார வைப்பதும் அநீதியே என்பேன். அவளால் முடியும், நேரம்தான் கூடுதலாக வேண்டும். தேர்வில் அதிக நிமிடங்கள், முன் வரிசையில் இடம், பாடக்குறிப்பின் நகல். இதற்கு என்ன பெரிய செலவு?

ஆனால் ஆறாம் வகுப்பு ஆசிரியை அறிந்தது ஒன்பதாம் வகுப்பு ஆசிரியைக்கு எட்டுவதில்லை. "பெண்பிள்ளையாயிற்றே, நாளை வரன் பார்க்க வேண்டாமா?" என்று நோயையே மறைக்கும் பெற்றோரும் உண்டு. அவர்களுடைய அச்சம் புரிகிறது. அதன் விலையை மகள் அல்லவா தேர்வுதோறும் கொடுக்கிறாள்? ஜூன் முதல் வாரத்தில் தாய் பள்ளிக்கு வந்து புது ஆசிரியையிடம் சொல்லட்டும். அருட்சகோதரியர் அதைக் கோப்பில் எழுதி, அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை கைமாற்றிக் கொடுத்து வரட்டும்.