கரண்டியும் எங்கள் கைக்கு வரட்டும்

மதுரை கோச்சடையில் மேலக்கால் ரோட்டோரம் வயலும் தென்னந்தோப்புமாகக் கிடந்த இடமெல்லாம் இன்று மாடி வீடுகள். அதில் பல வீடுகளின் செங்கல்லும் கலவையும் என் தலையில் ஏறித்தான் மேலே போயின. கல்யாணம் முடிந்த வருஷம் சும்மாடு கட்டியவள் நான். பேரனும் எடுத்துவிட்டேன், இன்னும் சித்தாள்தான்.

என்னோடு கையாளாக வந்த பையன்கள் அப்படி இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொத்தனாரின் கரண்டியை எடுத்து ஒரு வரி கல் வைத்துப் பார்ப்பார்கள். கோணினால் திட்டு விழும். மறுநாளும் வைப்பார்கள். நாலைந்து வருஷத்தில் தனியாக வேலை பிடித்துவிடுவார்கள். நாங்கள் கரண்டியைத் தொட்டால், "ஏம்மா, சாரத்துல நின்னு பூச முடியுமா உன்னால?" என்பார்கள். அந்தச் சாரத்துக்குக் கலவை ஏற்றிக் கொடுப்பதே நாங்கள்தான்.

கட்டுவேலைக்குச் சிமெண்டு ஒன்றுக்கு மணல் ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு. எம்-சாண்டுக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும், சித்திரை வெயிலில் கலவை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துபடி. தூக்குக்குண்டு விடவும் ரசமட்டம் பார்க்கவும் மட்டும் வராதா?

சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. வேலையே கற்றுத்தராமல் வைத்திருந்தால் அந்த உரிமை எங்களை எப்படி எட்டும்?

இப்போது தளம் போட ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கிறது. குழாய் வழியே மாடிக்குக் கலவை போகிறது. வரிசையில் நின்று சட்டி மாற்றிய பெண்களுக்கு அன்று வேலை இல்லை. தலைச்சுமை ஒழிவது நல்லதுதான், கழுத்து தேய்ந்துபோனவள் சொல்கிறேன். ஆனால் சுமையோடு கூலியும் அல்லவா போகிறது!

ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்துக்காகப் பெண்களுக்குக் கொத்துவேலை கற்றுக்கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்று அவர்களுக்குப் பேர். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் முழு வீடே கட்டியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் அதற்குப் போகிறது. அந்தப் பணத்தில், வேலை நடக்கிற இடத்திலேயே, எங்களுக்குப் பயிற்சி கொடுங்கள். பயிற்சி நாளுக்கும் முழுக் கூலி வேண்டும். ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

வீடு கட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். காம்பவுண்டுச் சுவரையாவது சித்தாள்கள் கட்டட்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள். கல் வைத்தவளுக்கு அன்று கொத்தனார் கூலி கொடுங்கள்.