டி.கே. பத்மினியை எப்போது பார்க்கப்போகிறோம்?

சென்ற மாதம் வெண்ணந்தூர் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கல்லூரி மாணவியின் துணிப்பையில் ஃப்ரிடா காலோவின் முகத்தைக் கண்டேன். யாரென்று தெரியுமா எனக் கேட்டதற்கு, "தெரியாதுங்க, படம் நல்லா இருந்துச்சு" என்றாள். அதில் குறையொன்றுமில்லை. 1925இல் நேர்ந்த பேருந்து விபத்தின் வலியை 1954இல் மறையும்வரை சுமந்து வரைந்த அந்த மெக்ஸிகோ ஓவியரின் முகம், அவரது ஓவியங்களைவிட விரைவாக ஊர் ஊராகச் சென்றுவிட்டது. இலக்கிய வாசகர்களாகிய நம் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல என்பதே என் வருத்தம்.

நமக்கு மிக அருகில் ஒருவர் இருந்தார். 1940இல் கேரளத்தின் பொன்னானிப் பகுதியில் பிறந்த டி.கே. பத்மினி, அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னை கலைப் பள்ளியில் சேர்ந்தார். கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வராக இருந்த காலம் அது. பெண்கள் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்வதே அரிதாயிருந்த அன்று, பெண்ணுடலை அவர் துணிந்து வரைந்தார். அவரது பெண்கள் பார்ப்பவருக்காக அமர்ந்திருப்பவர்கள் அல்லர். கரிய உடலும் கனத்த மௌனமுமாகத் தமக்குள் ஆழ்ந்திருப்பவர்கள். 1969இல், 29 வயது நிறையும் முன்பே, பிரசவத்தின்போது இறந்தார்.

பத்மினியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த மரணத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 28 வயதில் மறைந்த அம்ரிதா ஷெர்கில்லுக்கும் இதுவே நேர்கிறது. போதாக்குறைக்கு 'இந்தியாவின் ஃப்ரிடா' என்ற பட்டம் வேறு. துயரக்கதை ஓவியருக்குப் புகழைத் தரலாம். ஓவியத்தைப் பார்க்கும் கண்ணைத் தராது. பத்மினியின் 'பட்டம் பறக்கவிடும் பெண்' முன் நிற்பவர் முதலில் காணவேண்டியது நிறத்தையும் கோட்டையும்தான்; அவர் இறந்த தேதியை அல்ல.

சேலத்திலிருந்து 'நடை' வெளிவரத் தொடங்கியது 1968இல். அவ்வாண்டுகளில்தான் நம் சிற்றிதழ்கள் நவீன ஓவியர்களோடு உறவு கொள்ளலாயின. ஆதிமூலம், பாஸ்கரன் ஆகியோரின் கோடுகள் நம் வாசிப்பின் பகுதியாயின. அந்த நினைவில் பத்மினிக்கு இடமில்லாமற்போனது அவருக்கு நேர்ந்த இழப்பு மட்டுமல்ல, நமக்கும்தான்.

அவரது ஓவியங்கள் கேரள லலித கலா அகாதெமியின் சேகரிப்பில் உள்ளன. நம் இதழ்கள் அவற்றை உரிய அனுமதியுடன் அச்சிடட்டும்; நாம் அவற்றை விவாதிப்போம், குறைகளிருப்பின் அவற்றையும் சொல்வோம். அனுதாபத்தைக் காட்டிலும் அதுவே ஒரு கலைஞருக்குச் செய்யும் மரியாதை.